லெந்து காலத்தில் ஒருவருக்கொருவர்: லுத்தரன் சபைக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

லுத்தரன் சபையில் சேர்ந்த முதல் வருஷம் நான் லெந்து காலத்தை, அதாவது ஈஸ்டருக்கு முந்திய நாற்பது நாள் தவக்காலத்தை, மிகக் கண்டிப்பாக ஆசரித்தேன். எதை விடுவது, எத்தனை மணி வரை உபவாசம், எந்த நாளில் எந்த அதிகாரம் என்று ஒரு நோட்டுப் போட்டு எழுதிவந்தேன். என் பெஞ்சின் ஓரத்தில் வழக்கமாக உட்காரும் பெரியவர் மூன்று ஞாயிறாக வரவில்லை என்பது அந்த நோட்டில் எங்கும் இல்லை. அவர் ஆஸ்பத்திரியில் இருந்திருக்கிறார். ஈஸ்டருக்கு அப்புறம்தான் எனக்குத் தெரியவந்தது. வீட்டுக்குப் போய்ப் பார்த்தேன். குறையாக ஒரு வார்த்தை சொல்லவில்லை. "என் இடத்தில யார் உட்கார்ந்தாங்க?" என்று மட்டும் கேட்டார். "யாரும் உட்காரலை ஐயா" என்று சொல்லும்போதுதான் உறைத்தது. மூன்று வாரமும் அந்த இடம் காலியாக இருந்ததை நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

புதிதாக வருகிறவர்கள் முதல் லெந்திலேயே தெரிந்துகொண்டால் நல்லது என்று எனக்குத் தோன்றுவதை இங்கே வரிசையாக எழுதுகிறேன்.

முதலில் நாட்களைக் குறித்துக்கொள்ளுங்கள்

சாம்பல் புதன் முதல் ஈஸ்டருக்கு முந்திய சனிக்கிழமை வரை எண்ணினால் 46 நாட்கள் வரும். அதில் 6 ஞாயிற்றுக்கிழமைகள். ஞாயிறு எப்போதும் உயிர்த்தெழுந்த நாள் என்பதால் அது உபவாசக் கணக்கில் சேராது. மீதி 40. ஈஸ்டர் ஆண்டுக்கு ஆண்டு மாறுவதால் சாம்பல் புதனும் மாறும்: 2026இல் பிப்ரவரி 18, 2027இல் பிப்ரவரி 10.

அந்தப் புதனுக்கு ஒரு வாரம் முன்பாகவே போதகரைப் பார்த்து, நீங்கள் புதியவர் என்று சொல்லிவிடுங்கள். இரண்டு கேள்விகள் கட்டாயம் கேட்க வேண்டும். வாரநாட்களில் லெந்து ஆராதனை உண்டா, எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு என்பது ஒன்று. திருவிருந்தில், அதாவது அப்பமும் திராட்சரசமும் பெறும் ஆராதனையில், நான் சேரலாமா என்பது இன்னொன்று. திடப்படுத்தல் (தன் விசுவாசத்தைச் சபைக்கு முன் அறிக்கையிடும் சடங்கு) பெற்றவர்களுக்கு மட்டும் என்று வைத்திருக்கும் லுத்தரன் சபைகள் உண்டு, ஞானஸ்நானம் பெற்ற எல்லாரையும் அழைக்கும் சபைகளும் உண்டு. பீடத்தின் முன்னால் போய் நின்று தயங்குவதைவிட முன்கூட்டியே கேட்டுக்கொள்வது உங்களுக்கும் நல்லது, போதகருக்கும் நல்லது.

சாம்பல் புதன் ஆராதனைக்குப் போங்கள். நெற்றியில் சாம்பல் பூசும் வழக்கம் சில சபைகளில் இருக்கிறது, சிலவற்றில் இல்லை. இருந்தால், "நீ மண்ணாயிருக்கிறாய், மண்ணுக்குத் திரும்புவாய்" என்ற ஆதியாகம வசனத்தைச் சொல்லிச் சிலுவை அடையாளம் இடுவார்கள். பூசிக்கொள்ள விருப்பமில்லை என்றால் இடத்திலேயே உட்கார்ந்திருக்கலாம். யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள். நான் அன்று கவனிப்பது வேறொன்றை. குழந்தைக்கும் பாட்டிக்கும், போன வாரம் கணவரை அடக்கம் செய்தவருக்கும் போதகர் அதே வசனத்தைத்தான் சொல்கிறார். யார் யாரோடு சேர்ந்து நாற்பது நாள் நடக்கப்போகிறோம் என்று அந்த வரிசையைப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

அடுத்த ஞாயிறு முதல் ஆலயத்தில் சில மாற்றங்களைக் காண்பீர்கள். பீடத்தில் ஊதா நிறத் துணி வரும். பல சபைகளில் அல்லேலூயா ஈஸ்டர் வரை பாடப்படாது. பாட்டுகள் மெதுவாகும். பழகிவிடும்.

உபவாசத்தைப் பற்றி, சுருக்கமாக

புதியவர்கள் முதலில் கேட்பது "எதை விட வேண்டும்?" என்பதுதான். கட்டாயம் ஒன்றும் இல்லை. விசுவாசத்தின் அடிப்படைகளைக் கேள்வி பதிலாகச் சொல்லும் கையேடு சிறிய ஞானோபதேசம். 1529இல் வெளிவந்த அதில், திருவிருந்தைப் பற்றிச் சொல்லும் இடத்தில், நம் சபைக்குப் பெயர் தந்த ஜெர்மன் சீர்திருத்தவாதி மார்ட்டின் லுத்தர் இதைத் தொடுகிறார். உபவாசமும் சரீர ஆயத்தமும் நல்ல வெளி ஒழுக்கம்தான் என்கிறார். ஆனால் "உங்களுக்காகக் கொடுக்கப்பட்டது, சிந்தப்பட்டது" என்ற வார்த்தைகளை விசுவாசிக்கிறவரே உண்மையில் தகுதியும் ஆயத்தமும் உள்ளவர் என்று உடனே சேர்த்துச் சொல்கிறார். விருப்பமானால் உபவாசம் இருங்கள். சர்க்கரை நோய் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் மருந்து சாப்பிடுகிறவர்களும் மருத்துவரைக் கேட்காமல் உபவாசம் இருக்கவே வேண்டாம்.

நீங்கள் உபவாசம் இருந்தால், இல்லாதவரை அளக்காதீர்கள். நீங்கள் இல்லாதிருந்தால், இருக்கிறவரைக் கிண்டல் செய்யாதீர்கள். இதற்குப் பின்னால் ஒரு லெந்துக் கதை இருக்கிறது. வார்ட்புர்க் கோட்டையில் லுத்தர் மறைந்திருந்த காலத்தில் அவருடைய ஊரான விட்டன்பர்க் நகரத்தில் சிலர் திருச்சபைச் சீர்திருத்தத்தை அவசர அவசரமாகச் செய்தார்கள். சொரூபங்களை அகற்றினார்கள், ஆராதனை முறையை ஒரே மூச்சில் மாற்றினார்கள். பழைய வழக்கத்தில் ஊறிய எளிய மனிதர்கள் திகைத்துப்போனார்கள். லுத்தர் திரும்பி வந்து, 1522 மார்ச் 9 அன்று, அதாவது லெந்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை, பிரசங்க மேடை ஏறினார். தொடர்ந்து எட்டு நாள் பேசினார். நீங்கள் செய்தது எல்லாம் தப்பு என்று அவர் சொல்லவில்லை. விசுவாசத்தைப் பற்றி நன்றாகப் பேசுகிறீர்கள், உங்களிடம் அன்பை மட்டும் காணவில்லை என்றார். தாய் குழந்தைக்கு முதலில் பால்தானே கொடுக்கிறாள், பலவீனமான சகோதரனுக்கும் அப்படிப் பொறுமையாக இருக்க வேண்டாமா என்று கேட்டார். முழு நகரத்தின் குழப்பத்துக்கும் அவர் கொண்டுவந்த மருந்து இதுதான். அதற்கு அவர் தேர்ந்த நாட்களும் லெந்து நாட்கள்.

ஒரே ஒருவரைத் தேர்ந்துகொள்ளுங்கள்

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும்தான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள். நாற்பது நாளுக்கு ஒரு ஆளை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஐந்து பேர் வேண்டாம், ஒருவர் போதும்.

யாரை என்று எப்படித் தெரியும்? இரண்டு ஞாயிறு ஆராதனை முடிந்ததும் உடனே கிளம்பாமல் பத்து நிமிஷம் நின்று பாருங்கள். யார் தனியாக வெளியே போகிறார்கள்? பாட்டுப் புத்தகத்தைப் பிடிக்கச் சிரமப்படுகிறவர் யார்? பொது ஜெபத்தில் வாராவாரம் வரும் பெயர் யாருடையது? வேலைக்காக ஊர் விட்டு வந்த இளைஞர், கைக்குழந்தையோடு பின் வரிசையிலேயே நிற்கும் தாய், படுக்கையில் இருக்கும் கணவரை விட்டுவிட்டு அரைமணி நேரம் மட்டும் வந்துபோகும் அம்மா என்று யாராவது கண்ணில் படுவார்கள். தெரியவில்லை என்றால் போதகரிடமோ மூப்பர் ஒருவரிடமோ, "நான் வாரத்தில் ஒரு மணி நேரம் யாருக்காவது கொடுக்கலாம், யாரிடம் போகட்டும்?" என்று கேளுங்கள். எந்தப் போதகரும் இந்தக் கேள்விக்காகக் காத்திருப்பவர்தான்.

இதைச் சபையின் ஓரவேலையாக லுத்தரன் திருச்சபை பார்ப்பதில்லை. 1537இல் ஸ்மால்கால்ட் நகரத்தில் நடந்த கூட்டத்துக்காக லுத்தர் எழுதிய கோட்பாடுகளில், சுவிசேஷம் நம்மிடம் எந்தெந்த வழியாக வந்துசேர்கிறது என்று ஒரு பட்டியல் இருக்கிறது. பிரசங்கிக்கப்படும் வார்த்தை, ஞானஸ்நானம், திருவிருந்து, பாவமன்னிப்பு கூறும் அதிகாரம் என்று சொல்லிவிட்டு, கடைசியில் சகோதரர் ஒருவரோடு ஒருவர் பேசி ஒருவரை ஒருவர் தேற்றுவதையும் சேர்க்கிறார். முதல் தடவை அதை வாசித்தபோது நான் கொஞ்ச நேரம் அந்த வரியிலேயே நின்றுவிட்டேன். பீடத்தில் நடப்பதைச் சொல்லிவந்த அதே மூச்சில், நோயாளியின் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து நாம் பேசும் பேச்சையும் சொல்கிறார் பாருங்கள்.

போய்ப் பார்ப்பது எப்படி

முன்னால் போன் செய்துவிட்டுப் போங்கள். திடீரென்று போய் நின்றால், உடம்பு முடியாதவர் எழுந்து வீட்டை ஒழுங்குபடுத்தத் தொடங்கிவிடுவார். முதல் தடவை உங்களோடு சபையில் பழகிய ஒருவரை அழைத்துப்போவது நல்லது. தனியாக இருக்கும் ஒருவரையோ குழந்தைகளையோ பார்க்கப் போகும்போது எப்போதுமே இரண்டு பேராகப் போங்கள். அது அவர்களுக்கும் பாதுகாப்பு, உங்களுக்கும் பாதுகாப்பு.

உட்காருங்கள். நின்றுகொண்டே பேசினால், கிளம்பும் அவசரத்தில் இருப்பதாகத்தான் அவருக்குப் படும். இருபது நிமிஷம் போதும். களைத்த முகம் தெரிந்தால் பத்தே நிமிஷம். நோயின் விவரங்களைத் தோண்டாதீர்கள், அவராகச் சொன்னால் கேட்டுக்கொள்ளுங்கள். வேறு மருத்துவர், வேறு வைத்தியம், இதே நோய் வந்து இறந்துபோன உறவினர் என்று எதையும் எடுக்க வேண்டாம். "தேவன் ஏதோ நன்மைக்காகத்தான் இதை அனுமதித்தார்" என்பதையும் சொல்ல வேண்டாம். ஒருவேளை பல வருஷம் கழித்து அவரே திரும்பிப் பார்த்து அப்படிச் சொல்லலாம். அவர் வாயில் வரவேண்டியதை நாம் முந்திக்கொள்ளக் கூடாது. யோபுவின் நண்பர்கள் ஏழு நாள் இரவும் பகலும் ஒன்றும் பேசாமல் அவரோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள். அதுவரை நன்றாகத்தான் இருந்தது. வாயைத் திறந்த பிறகுதான் எல்லாம் கெட்டது.

கிளம்புவதற்கு முன், "ஜெபிக்கலாமா?" என்று கேளுங்கள். வேண்டாம் என்றால் சரி. ஜெபித்தால் நீளமாக வேண்டாம். ஒரு சங்கீதத்தில் நாலு வசனம், அப்புறம் கர்த்தருடைய ஜெபத்தைச் சேர்ந்து சொல்லுங்கள். சேர்ந்து என்பது முக்கியம். உங்கள் சொந்த ஜெபத்தை அவர் கேட்டுக்கொண்டிருக்க மட்டும்தான் முடியும். "பரலோகத்திலிருக்கிற எங்கள் பிதாவே" என்று தொடங்கினால் அவர் உதடும் அசையும். மறதி நோயில் சொந்தப் பிள்ளைகளின் பெயரையே மறந்துவிட்ட ஒரு அம்மா இந்த ஜெபத்தை மட்டும் கடைசி வரி வரை சொன்னதைப் பக்கத்தில் இருந்து கேட்டிருக்கிறேன்.

"ஏதாவது உதவி வேணும்னா சொல்லுங்க" என்று சொல்லிவிட்டு வருவதை நாம் எல்லாரும் செய்கிறோம். கஷ்டத்தில் இருப்பவர் சொல்ல மாட்டார். என்ன வேண்டும் என்று யோசித்து, யாரைக் கூப்பிடலாம் என்று முடிவு செய்து, வெட்கத்தை விட்டுக் கேட்க வேண்டிய வேலை முழுவதையும் அவர் தலையிலேயே வைத்துவிட்டு வருகிறோம். அதற்குப் பதிலாக, "வியாழக்கிழமை காலையில ஆஸ்பத்திரிக்கு நான் கூட்டிட்டுப் போறேன், ஒன்பது மணிக்கு வரட்டுமா அக்கா?" என்று நாளும் நேரமும் சேர்த்துக் கேளுங்கள். வேண்டாம் என்று சொல்வது அவருக்குச் சுலபம், சரி என்பது அதைவிடச் சுலபம். சொன்ன நாளில் கட்டாயம் போய்விடுங்கள். ஒரு தடவை ஏமாற்றினால் அடுத்த தடவை அந்த வீட்டில் "ஒண்ணும் வேண்டாம்பா, நல்லா இருக்கோம்" என்பதுதான் பதிலாக வரும்.

நடக்க முடியாமல் வீட்டிலேயே இருப்பவர் திருவிருந்துக்கு ஏங்கலாம். போதகர் வீட்டுக்கே கொண்டுவந்து கொடுப்பார். ஆனால் யாராவது சொன்னால்தானே அவருக்குத் தெரியும்? கேட்டுப் பார்த்துச் சொல்லிவிடுங்கள்.

பணக் கஷ்டம் என்று தெரிந்தால், தனியாக அள்ளிக் கொடுப்பதைவிடச் சபையின் உதவி நிதி வழியாகப் போவது நல்லது என்பது என் எண்ணம். கொடுத்தவர் முகத்தை வாங்கியவர் ஒவ்வொரு ஞாயிறும் பார்க்க வேண்டியிருக்காது. இதுவும் பழைய வழக்கம். 1523இல் ஜெர்மனியின் சாக்சனியில் லைஸ்னிக் என்ற சிறு நகரத்துச் சபையார் ஏழைகளுக்காக ஒரு பொதுப் பெட்டி ஏற்படுத்தினார்கள். அந்த ஒழுங்குமுறைக்கு லுத்தரே முன்னுரை எழுதினார். பெட்டிக்கு நான்கு பூட்டுகள், நான்கு தரப்பாரிடம் நான்கு சாவிகள். ஒருவர் மட்டும் திறந்துவிட முடியாது.

வாயைக் காப்பது

கேட்டதை வெளியே சொல்லக் கூடாது என்பது எல்லாருக்கும் தெரியும். ஆனால் சபைக்குள் அது ஜெபக் குறிப்பு என்ற பெயரில் வெளியே போய்விடுகிறது. "அந்தத் தங்கச்சிக்காக ஜெபியுங்க, வீட்டுல பிரச்சினை" என்று ஒருவர் சொன்னால் அன்று மாலைக்குள் சபை முழுவதும் தெரிந்துவிடும். பொது ஜெபத்தில் பெயர் சொல்லலாமா என்று சம்பந்தப்பட்டவரை முதலில் கேளுங்கள். வேண்டாம் என்றால் வீட்டில் ஜெபியுங்கள்.

இரகசியம் காக்கக் கூடாத இடங்களும் உண்டு. உயிரை விட்டுவிடலாம் போலிருக்கிறது என்று ஒருவர் சொன்னால் அவரைத் தனியாக விடாதீர்கள். மருத்துவ உதவியை அழையுங்கள், குடும்பத்தில் நம்பிக்கையான ஒருவருக்குத் தெரிவியுங்கள், போதகருக்கும் சொல்லுங்கள். அடி வாங்குகிற பெண்ணோ குழந்தையோ உங்களிடம் பேசினால், முதலில் பாதுகாப்பான இடமும் உதவியும் வேண்டும். அவர்களிடம் "சிலுவையைச் சுமக்க வேண்டும், பொறுத்துப்போங்கள்" என்று யாரும் சொல்லக் கூடாது. லெந்து காலத்தில் இந்தப் பேச்சு இன்னும் எளிதாக வாயில் வந்துவிடுகிறது, அதனால் அழுத்திச் சொல்கிறேன். ஆண்டவர் சொன்னது அவனவன் தன் சிலுவையை எடுத்துக்கொள்ள வேண்டும் என்று. அடுத்தவர் தோளில் அதை ஏற்றிவைக்கும் அதிகாரம் நமக்குக் கிடையாது. நமக்குக் கிடைத்திருப்பது கலாத்தியர் நிருபத்தின் கட்டளை: "ஒருவர் பாரத்தை ஒருவர் சுமந்து."

உங்கள் மனதிலேயே ஏதாவது அரித்துக்கொண்டிருந்தால், லுத்தரன் சபையில் தனிப் பாவ அறிக்கை உண்டு என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். பலருக்கு இது ஆச்சரியமாக இருக்கும். லுத்தரன் சபைகளின் அடிப்படை அறிக்கையான 1530ஆம் ஆண்டின் ஆக்ஸ்பர்க் விசுவாச அறிக்கை அதை நீக்காமல் வைத்திருக்கிறது, எல்லாப் பாவங்களையும் ஒன்றுவிடாமல் பட்டியலிடத் தேவையில்லை என்றும் சொல்கிறது. போதகரிடம் நேரம் கேட்டுப் போங்கள். பாரமாக இருப்பதைச் சொல்லுங்கள். அவர் உங்கள் பெயரைச் சொல்லி மன்னிப்பை அறிவிப்பார். சபையோடு சேர்ந்து பொதுவாகக் கேட்பதற்கும் அதற்கும் எவ்வளவு வித்தியாசம் என்பது கேட்டவருக்குத்தான் தெரியும்.

நீங்களே தேற்றப்பட வேண்டியவராக இருந்தால்

இதை வாசிக்கும் சிலர் யாரையும் போய்ப் பார்க்கும் நிலையில் இருக்க மாட்டீர்கள். சமீபத்தில் யாரையோ இழந்திருப்பீர்கள், வேலை போயிருக்கும், புது ஊரில் பேச ஆள் இல்லாமல் இருப்பீர்கள். சபையில் யாரும் என்னைக் கவனிக்கவில்லை என்ற வருத்தமும் உள்ளே இருக்கலாம். அந்த வருத்தம் நியாயமானது. ஆனாலும் ஒன்று சொல்கிறேன். யாக்கோபு நிருபத்தில், வியாதிப்பட்டவன் சபையின் மூப்பர்களை வரவழைக்கட்டும் என்றுதான் இருக்கிறது. வரவழைக்க வேண்டியவர் நோயாளி. கூப்பிடுவதில் கூச்சம் வேண்டாம். "எனக்கு இந்த வாரம் ரொம்பக் கஷ்டமா இருக்கு, யாராவது வந்து கொஞ்ச நேரம் இருக்க முடியுமா?" என்ற ஒரே வரி போதும்.

கெத்செமனேயில் இயேசு தம் மூன்று நண்பர்களிடம் அதைத்தான் கேட்டார். என்னோடு விழித்திருங்கள் என்றார். அவர்கள் தூங்கிவிட்டார்கள். கேட்டும் கிடைக்காமல் போன வலியை அவர் அறிந்தவர். நீங்கள் கூப்பிட்டு ஒருவர் வராமல் போனால், இன்னொருவரைக் கூப்பிடுங்கள்.

பரிசுத்த வாரம்

குருத்தோலை ஞாயிறு முதல் ஆராதனைகள் நெருக்கமாக வரும். பெரிய வியாழன் இரவு பல சபைகளில் திருவிருந்து முடிந்ததும் பீடத்தில் உள்ள எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக எடுத்துவிட்டு, வெறும் பலகையாக விடுவார்கள். எல்லாரும் பேசாமல் கலைந்து போவார்கள். அன்று யாரிடமும் நலம் விசாரிக்காமல் போவதுதான் மரியாதை.

பெரிய வெள்ளியில் துக்கம் சிலருக்கு உடைப்பெடுக்கும். கல்லறையைப் பற்றிய வசனம் வாசிக்கும்போது பக்கத்தில் உள்ளவர் அழுதால் திரும்பிப் பார்க்காமல், கைக்குட்டையை மட்டும் நீட்டுங்கள். கிறிஸ்துவின் பாடுகளைத் தியானிப்பது எப்படி என்று 1519இல் லுத்தர் ஒரு பிரசங்கம் எழுதினார். முதலில் நம் பாவத்தை அந்தச் சிலுவையில் பார்த்து நடுங்க வேண்டும், ஆனால் அங்கேயே நின்றுவிடக் கூடாது, நமக்கு இரங்கும் அவர் இருதயத்தைப் பார்க்கும் வரை போக வேண்டும் என்கிறார். நடுக்கத்திலேயே நின்றுவிடுகிறவர்கள் நம் நடுவில் உண்டு. உங்கள் ஆளும் அப்படிப்பட்டவர் என்றால், ஆராதனை முடிந்து அவரோடு வீடு வரை நடந்து போங்கள்.

ஈஸ்டர் காலையில் அவரை அழைத்துவர முடியுமா என்று பாருங்கள். வண்டிக்கு முந்தின நாளே சொல்லிவையுங்கள், உட்கார இடம் பிடித்துவையுங்கள். வர முடியாதவர் என்றால் ஆராதனை முடிந்த கையோடு அவர் வீட்டுக்குப் போய், அன்று பாடிய முதல் பாட்டை அங்கே ஒரு தடவை பாடுங்கள். நாற்பது நாள் பாடாமல் வைத்திருந்த அல்லேலூயா அதில் இருக்கும்.

அதற்கடுத்த வாரம்தான் பலர் விட்டுவிடும் இடம். லெந்து முடிந்தது, வேலையும் முடிந்தது என்று தோன்றும். அவருடைய மூட்டு வலியோ விதவைக் கோலமோ ஈஸ்டரோடு முடியவில்லை. வியாழக்கிழமை காலை ஒன்பது மணிக்குப் போய்க்கொண்டிருந்தீர்கள் என்றால், அந்த வியாழனும் ஒன்பது மணிக்கே போங்கள்.